வயர் போட்டும் நெட் அறுந்து அறுந்து வந்தால்

முதலாவது, ரவுட்டரின் பின்பக்கம் இருக்கிற ரீசெட் துளைக்குள் ஊசியை விடாதீர்கள். நெட் நின்றவுடன் பலர் செய்கிற வேலை அது. அழுத்திப் பிடித்தால் ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைய நிலைக்குப் போய்விடும். கம்பனி ஆள் பூட்டும்போது அடித்துவிட்டுப் போன யூசர் நேமும் பாஸ்வேர்டும் பல இணைப்புகளில் அதோடு அழிந்துவிடும். இடைக்கிடை அறுந்துகொண்டிருந்த நெட் அதற்குப் பிறகு முழுதாகவே நிற்கும். ஓஃப் பண்ணி, அரை நிமிடம் விட்டு ஓன் பண்ணுவதில் ஒரு கெடுதியும் இல்லை. ரீசெட் வேறு விடயம்.

கணினியிலிருந்து நெட் வெளியே போகும் பாதையில் நாலு துண்டு இருக்கிறது: கணினியில் நெட் வயர் செருகும் லேன் போர்ட், கேபிள், ரவுட்டர், ரவுட்டருக்கு அப்பால் உள்ள லைன். எந்தத் துண்டில் பிழை என்று பிடிக்காமல் கேபிளை மாற்றுவதும் புது ரவுட்டர் வாங்குவதும் காசுக்குக் கேடு. பிடிப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

விண்டோஸின் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் கமாண்ட் புரொம்ப்ட் என்ற கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். டிஃபோல்ட் கேட்வே என்ற வரிக்கு நேரே இருப்பதுதான் ரவுட்டரின் முகவரி, அனேகமாக 192.168.1.1. இனி அப்படி இரண்டு திரைகளைப் பக்கத்துப் பக்கமாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டர் முகவரிக்குப் பிங், அதாவது பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளை, கொடுங்கள், மற்றதில் வெளி இணையத்தில் உள்ள கூகிளின் முகவரியான 8.8.8.8க்குக் கொடுங்கள். இரண்டின் கடைசியிலும் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, டெலிபோன் என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்தை ஒட்டினால், நீங்கள் நிறுத்தும் வரை பிங் ஓடிக்கொண்டே இருக்கும். நெட் அறுகிற நேரம் வரை இரண்டையும் ஓடவிட்டுப் பாருங்கள்.

ரவுட்டருக்கான பிங் 1 மில்லிசெக்கன் அல்லது அதற்கும் குறைவாக, அசையாமல் நிற்க வேண்டும். 8.8.8.8க்குச் சில பத்து மில்லிசெக்கன் எடுக்கும். எண் எவ்வளவு என்பதைவிட அது நிலையாக நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு திரையும் ஒன்றாக நின்றால் பிழை வீட்டுக்குள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் பிழை வெளியே, அல்லது ரவுட்டர் வெளியோடு பேசுகிற பகுதியில். இந்த ஒரு சோதனை செய்யாமல் மேற்கொண்டு எதையும் கழற்றாதீர்கள்.

கணினியின் லேன் போர்ட் லைட் எரியவில்லை, அல்லது கேபிளை அசைத்தால் எரிந்து அணைகிறது

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரம் நெடுகிலும் உள்ள வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளின் இரு முனைகளிலும் உள்ள ஆர்ஜே45 பிளக்கைத்தான். அதன் எட்டு முள்ளிலும் தங்கப்பூச்சு மெல்லிசாகத்தான் இருக்கும். மலிவான பிளக்கில் பெயருக்குத்தான் இருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் இருக்கிற எழுவான்கரை வீட்டில் உப்புக்காற்று அந்தப் பூச்சின் நுண்ணிய ஓட்டைக்குள்ளால் கீழே உள்ள உலோகத்தை அரிக்கும். பிளக்கைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். முள் மங்கியிருந்தாலோ, பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தாலோ பிழை அதுதான். வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைப் பக்கத்திலும் அம்பாறை உள்நாட்டிலும் இது குறைவு. அங்கே எலியும் எறும்பும் முந்திக்கொள்ளும்.

கணினியையும் ரவுட்டரையும் ஓஃப் பண்ணி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் பிளக்கின் முள்ளையும் போர்ட்டின் உள்ளே உள்ள கம்பிகளையும் துடையுங்கள். காய்ந்த பிறகு நாலைந்து தரம் செருகிக் கழற்றுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் இருக்கிற பூச்சும் போய்விடும், பிறகு அரிப்பு இன்னும் வேகமாக வரும். துடைத்தது சில வாரம் தாங்கினால் நல்லது. திரும்ப வந்தால் பிளக்கை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும்.

பிளக்கின் கிளிப் உடைந்திருந்தால் வேறு ஒன்றும் தேடத் தேவையில்லை. செருகினால் "டிக்" என்ற சத்தம் வராத பிளக், பக்கத்தில் பேன் சுற்றினாலே பின்னுக்கு வரும். டேப் ஒட்டி வைப்பது ஒரு நாளைக்குத்தான்.

புதிய பிளக் அடிக்க கிரிம்பிங் டூல் வேண்டும். கிளிப் கீழேயும், முட்கள் மேலேயும், வயர் நுழையும் வாய் உங்கள் பக்கமும் இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரு முனைக்கும் இதே வரிசை. "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும், எந்த வரிசை என்றாலும் சரி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. மூன்றாவது முள்ளும் ஆறாவது முள்ளும் ஒரே சோடி வயராக, ஒன்றோடொன்று முறுக்கியபடி வர வேண்டும். அதனால்தான் பச்சைச் சோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து உட்காருகிறது. சோடி மாறினால் மலிவு டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரியும், ஆனால் ஒரு சோடியின் சைகை மற்றதில் கலந்து, பெரிய ஃபைல் இறக்கும்போது இணைப்பு அறும். டெஸ்டர் சரி என்று காட்டியும் நெட் அறுகிறது என்றால் நிறத்தைக் கண்ணால் பாருங்கள். முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கேபிளின் வெளித்தோலும் பிளக்குக்குள் புகுந்து, உள்ளே உள்ள பிளாஸ்டிக் ஆப்பில் நசிபட வேண்டும். தோல் வெளியே நின்றால் இழுபடுவதெல்லாம் மெல்லிய வயரில்தான் விழும்.

கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேளுங்கள். மலிவுக் கேபிள் பலதும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது வளைத்தால் உள்ளுக்குள் ஒடியும், பிளக் அடித்த இடத்தில் நாளடைவில் இறுக்கமும் தளரும். வீட்டுக்குக் கேட் 5இ என்ற ரகம் தாராளம். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு 100 மீட்டர் வரை அது போகும்.

நெட் வருகிறது, ஆனால் வேகம் 100க்கு மேல் ஏறவில்லை

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வேர்க், ஈத்தர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் எழுதியிருக்கும். 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்று நின்றால், எட்டு வயரில் ஒன்றோ இரண்டோ தொடுப்பில்லை. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு முள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலச் சோடியில் ஒரு வயர் ஒடிந்தாலும் கணினி ஒன்றும் சொல்லாமல் 100க்கு இறங்கிவிடும். சில கணினிகள் 1000க்கு ஏறி, விழுந்து, 100க்கு வந்து, திரும்பவும் ஏறப் பார்க்கும். ஒவ்வொரு தரமும் சில செக்கன் நெட் நிற்கும். "அறுந்து அறுந்து வருகிறது" என்ற முறைப்பாட்டில் நல்ல பங்கு இதுதான்.

கேபிளைக் குறை சொல்ல முன்னர் ரவுட்டரைப் பாருங்கள். செம்பு டெலிபோன் லைனில் ஓடும் பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர்களிலும் 4ஜி ரவுட்டர்கள் பலவற்றிலும் லேன் போர்ட்டே 100தான். சில ஃபைபர் ரவுட்டர்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. போர்ட்டை மாற்றிச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் பக்கேஜே 100க்குக் குறைவு என்றால், இதைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டாம்.

லைட் எரிகிறது, முகவரி 169.254 என்று தொடங்குகிறது

ரவுட்டரிடம் முகவரி கேட்டும் பதில் வராததால் விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரை ஓஃப்-ஓன் பண்ணிப் பாருங்கள். சரிவராவிட்டால் அதே கேபிளை வேறு லப்டொப்பில் செருகுங்கள். அதிலும் அப்படியே வந்தால் கேபிள் அல்லது ரவுட்டரின் போர்ட். அதில் சரியாக வந்தால் உங்கள் கணினியின் லேன் கார்ட் அல்லது அதன் டிரைவர்.

முகவரி 169.254 இல்லாமல், ஒருநாள் 192.168.1 என்றும் மறுநாள் 192.168.0 என்றும் மாறி வந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் முகவரி கொடுக்கின்றன. பழைய ரவுட்டரை, ஒரு நெட் வயரைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் சுவிச்சாகப் பாவிக்கும் வீடுகளில் இது வழமை. பழையதில் முகவரி கொடுக்கும் வேலையான டிஎச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல மாற்றி, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் வெளி லைனுக்கான வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். இன்னொன்று: தொங்குகிற கேபிள் முனையைப் பார்த்து யாரோ "இது கழன்றிருக்கு" என்று அதே சுவிச்சிலேயே செருகிவிடுவார்கள். ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே சுவிச்சில் இருந்தால் லைட் எல்லாம் வெறி பிடித்ததுபோல் ஒன்றாக மினுங்கும், வீடு முழுக்க நெட் நிற்கும். ஒரு முனையைக் கழற்றினால் உடனே சரி.

கெமரா பெட்டி பூட்டிய நாளிலிருந்து பிரச்சினை

சிசிடிவி டிவிஆரைப் பூட்டுகிறவர்கள் போனில் பார்ப்பதற்காக அதற்கு நிலையான முகவரி ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதே முகவரியை ரவுட்டர் உங்கள் கணினிக்கும் கொடுத்தால் இரண்டும் மாறி மாறி விழும். டிவிஆரின் லேன் வயரைக் கழற்றி வைத்துப் பாருங்கள். நெட் நிலையாக நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. ரவுட்டரின் டிஎச்சிபி எல்லையை 192.168.1.100 முதல் 200 வரை என்று சுருக்கி, டிவிஆருக்கு 192.168.1.20 போன்ற, எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுங்கள்.

தண்ணீர் மோட்டர் போட்டால், கரண்ட் மினுங்கினால் அறுகிறது

கணினி யூபிஎஸ்ஸில் இருக்கும், ரவுட்டர் சுவரில் நேராக இருக்கும். கிணற்று மோட்டர் கிளம்பும் கணத்தில் வோல்டேஜ் இறங்கும். பல்ப் சற்று மங்குவதோடு போய்விடும், ரவுட்டரோ அணைந்து எழும்பும். எழும்பி லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம். கணினி அணையாததால் கேபிளில்தான் பிழை என்று தோன்றும். ரவுட்டரின் முகவரியை பிரவுசரில் அடித்தால் வரும் நிர்வாகப் பக்கத்தில், ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும். நெட் அறுந்த பிறகு அது சில நிமிடம் என்று காட்டினால் ரவுட்டர் மறுபடி கிளம்பியிருக்கிறது. அப்போது கேபிளை விட்டுவிட்டுக் கரண்ட் பக்கம் பாருங்கள்.

மோட்டரும் மின்னழுத்தமும் சரியாக இருந்தும் ரவுட்டர் தானாகக் கிளம்பினால் அடாப்டர். அனேகமானவை 12 வோல்ட், 1 முதல் 2 அம்பியர் வரை. உள்ளே உள்ள கப்பாசிட்டர் சூட்டில் உலர்ந்து பலவீனமாகும். மல்டிமீட்டரில் சும்மா அளந்தால் 12 காட்டும். பாரம் ஏறும்போதுதான் விழும். அதனால் வேறு அடாப்டர் போட்டுப் பார்ப்பதே நம்பிக்கையான சோதனை. வோல்டேஜும் முனையின் நேர்-மறை அமைப்பும் அப்படியே இருக்க வேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது.

2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்கியவர்கள் அதையும் சந்தேகியுங்கள். உள்ளே உள்ள லிதியம் பற்றரிக்கு வயது போய்விட்டது. கரண்ட் இருக்கும்போதே சில பெட்டிகள் கணநேரம் அறுத்துவிடும். அதைத் தாண்டி ரவுட்டரைச் சுவரில் நேராகச் செருகி ஒரு நாள் பாருங்கள். உருண்டை முள் அடாப்டரைச் சதுர முள் பிளக் பொயின்டில் பேனை முனையால் தள்ளிச் செருகியிருக்கிற வீடுகளும் உண்டு. அது தளர்ந்து தீப்பொறி விடும், நெட் அறுவது அதன் சின்ன விளைவு மட்டுமே. சரியான பிளக் மாற்றுங்கள்.

மத்தியானம் மட்டும் அறுகிறது

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே இருக்கிற ரவுட்டர் வெந்துபோகும். கையை வைக்க முடியாத சூடு என்றால் இறக்கி, காற்றுப் படுகிற இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். மேலே துணி விரிக்காதீர்கள். சிறு பேன் ஒன்றை அதன் பக்கம் திருப்பி வைத்த நாளில் அறவில்லை என்றால் தீர்ந்தது.

மழைக்கு மட்டும் அறுகிறது

மாரியில் தொடங்கி மாரியோடு போகும் பிழை வெளியே போகிற கேபிளில் இருக்கும். வீட்டுக்குள் பாவிக்கும் சாம்பல் நிறக் கேபிளை வெளியே இழுத்தால் வெயிலில் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தால் தண்ணீர் புகுந்து, கேபிளுக்குள்ளேயே ஓடி, பிளக்கில் வந்து நிற்கும். வெளியே போடுவதற்குக் கறுப்புப் பொலித்தீன் தோல் கேபிள் தனியாக இருக்கிறது. கேபிள் சுவருக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். நுழையும் துளையும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்.

ஒரே வளவுக்குள் மகளுக்குக் கட்டின வீட்டுக்கு இங்கிருந்து லேன் வயர் இழுப்பது நம் ஊரில் சாதாரணம். இரண்டு வீட்டுக்கும் தனி மீட்டர், தனி எர்த் என்றால் அந்தச் செம்பு வயர் மின்னலுக்கு ஒரு பாலமாகும். பக்கத்தில் இடி விழுந்தால் இரு முனையிலும் உள்ள போர்ட் கருகும். அந்தத் துண்டுக்கு செம்பு வயரின் சைகையை ஒளியாக மாற்றும் மீடியா கன்வேர்ட்டர் ஒரு சோடியும், உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளும் போடுவது ஒருதரச் செலவு. பிறகு மழையும் இல்லை, மின்னலும் இல்லை.

இன்னும் செம்பு டெலிபோன் லைனில் இருக்கிற வீடுகளில் மழைக்கு ரிசீவரைத் தூக்கிக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் லைனில் தண்ணீர். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இரைச்சலுக்கு மேல் சைகைக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் எஸ்என்ஆர் மார்ஜின் 6 டெசிபெலுக்குக் கீழ் போனால் இணைப்பு நிலையாக நிற்காது. ஃபைபரில் எல்ஓஎஸ் லைட் சிவப்பாக மினுங்கினால் ஒளி வரவில்லை. தென்னோலை விழுந்து வயர் இழுபட்டிருக்கலாம், சுவரோரம் கட்டிலுக்குப் பின்னால் நசிபட்டிருக்கலாம். விரலைச் சுற்றியதுபோல் இறுக்கமாக மடிந்திருந்தால் நிமிர்த்திவிடுங்கள். பச்சை முனையைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள். அதன் லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

லைட், கேபிள், ரவுட்டர் எல்லாம் சரி, இந்தக் கணினியில் மட்டும் அறுகிறது

டிவைஸ் மனேஜரில் லேன் கார்டின் புரொப்பர்டீஸைத் திறந்து, பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில் "மின் சேமிக்க இதை அணைக்கலாம்" என்ற சரிக்குறியை எடுங்கள். அட்வான்ஸ்ட் பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், கிரீன் ஈத்தர்நெட் இரண்டையும் நிறுத்துங்கள். 2020 அளவில் வந்த சில மதர்போர்டுகளில் உள்ள இன்டெல் ஐ225-வி சிப்பின் முதல் பதிப்புகளில் 2.5 கிகாபிட் வேகத்தில் இணைப்பு அறும் குறை இருந்தது. அவற்றில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸை 1 கிகாபிட் என்று வைத்தால் அமைதியாகும். மற்றபடி அந்த வரியை ஓட்டோவிலேயே விடுங்கள். கணினியில் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டிப்போட்டால், ஓட்டோவில் உள்ள மறுபக்கம், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியாத ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கும். லைட் எரியும், பிங்கும் போகும், பாரம் ஏறினால் நொண்டும்.

டிரைவரை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுக்காமல் மதர்போர்ட் கம்பனியின் தளத்திலிருந்து இறக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் யூஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் போர்ட் போய்விட்டது. மின்னலுக்குப் பின் தொடங்கிய பிழை என்றால் அனேகமாக இதுதான் முடிவு. மதர்போர்டை மாற்றத் தேவையில்லை, அந்த அடாப்டரோ ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டோ போதும்.

8.8.8.8 பதில் சொல்கிறது, இணையத்தளம் திறக்கவில்லை

இணையத்தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றுங்கள். "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற கருத்தில் எச்சரிக்கை வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். இரவில் சுவர் சுவிச்சையே அணைத்துவிடும் வீடுகளில் மதர்போர்டின் சிஆர்2032 பற்றரி சீக்கிரம் தீரும். திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும்.

இரவில் மட்டும் இழுபடுகிறது

ரவுட்டர் பிங் 1இல் நிற்க, 8.8.8.8 மட்டும் 50இலிருந்து 500க்கு ஏறினால், வீட்டில் யாரோ போட்டோ பக்கப் விட்டிருக்கிறார், அல்லது கெமரா கிளவுட்டுக்கு ஏற்றுகிறது. அப்லோட் நிறைந்தால் டவுன்லோடும் நொண்டும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். மாத டேட்டா அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று கம்பனியின் அப்பில் பார்ப்பது அதற்கும் முந்திய வேலை.

கம்பனிக்கு எடுக்க வேண்டி வந்தால்

எஸ்எல்டி-மொபிடெல் என்றால் 1212. "நெட் வேலை செய்யவில்லை" என்றால் ரவுட்டரை ஓஃப்-ஓன் பண்ணச் சொல்லுவார்கள், அத்தோடு முடியும். இப்படிச் சொல்லுங்கள்: கணினியை வயரில் நேராக ரவுட்டரில் செருகிப் பார்த்தேன், ரவுட்டர் பிங் அறவில்லை, வெளிப் பிங் இத்தனை மணிக்கு இத்தனை நிமிடம் அறுந்தது, அப்போது எல்ஓஎஸ் லைட் இப்படி இருந்தது, அப்டைம் இவ்வளவு. லைட்டை அந்த நேரமே போனில் படம் பிடித்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். ஆள் வருகிற அன்று ஃபைபர் ரவுட்டர் என்றால், வந்து சேரும் ஒளியின் அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். -8 முதல் -27 டிபிஎம் வரை ரவுட்டர் தாங்கும். -27ஐ ஒட்டி நின்றால் அன்றைக்கு நெட் ஓடினாலும், அடுத்த மழைக்கு முன் அந்த மூட்டைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.